உங்களுக்குத் தெரியுமா? அவசர எண்ணின் மறுமுனையில்...

● அவசர எண்ணை அழுத்தியதும் நம் வாயில் முதலில் வருவது "சீக்கிரம் வாங்க!" மறுமுனையில் இருப்பவர் பயிற்சி வகுப்பில் முதலில் கற்றுக்கொள்வதோ "எங்கே?" என்று கேட்பது. பெரும்பாலான மையங்களில் என்ன ஆச்சு என்பதுகூட அதற்கு அப்புறம்தான். பாதியில் போன் கட்டாகிவிட்டாலும் இடம் தெரிந்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். இடம் தெரியாமல், நெஞ்சுவலியா விபத்தா என்று தெரிந்து என்ன செய்வது? வாங்கிய முகவரியை இன்னொரு முறை சொல்லச் சொல்லிச் சரிபார்ப்பதும் பாடத்தில் உண்டு. அது நேர விரயம் அல்ல.

● நம் ஊரில் இந்த "எங்கே?" லேசான கேள்வியும் அல்ல. தமிழ்நாட்டில் எத்தனை புதூர், எத்தனை நல்லூர், எத்தனை மேட்டுப்பட்டி! பிள்ளையார் கோயில் தெரு இல்லாத ஊர் உண்டா? பதறிப்போன ஒருவர் "புதூர், பிள்ளையார் கோயில் தெரு" என்று சொல்லிவிட்டு எல்லாம் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வார். எந்த மாவட்டம், எந்த தாலுகா, பக்கத்தில் பள்ளிக்கூடமா, ரேஷன் கடையா, பஸ் ஸ்டாப் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டியவர் அழைப்பை எடுத்தவர். தான் வாழ்நாளில் கால் வைக்காத ஒரு தெருவை, அழுகைக்கு நடுவே வரும் நாலு வார்த்தையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். "இதையெல்லாம் ஏன் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்று நாம் எரிந்து விழும்போது அவர் செய்துகொண்டிருப்பது இதைத்தான்.

● 108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பர் 15. இதில் வண்டி ஓட்டுபவரை டிரைவர் என்று சொல்வதில்லை, பைலட் என்றுதான் சொல்வார்கள். நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர் மருத்துவ உதவியாளர். இந்த இருவரையும் நாம் கண்ணால் பார்க்கிறோம். அவர்களுக்கு முன்னால் நம்மிடம் பேசியவரைப் பார்ப்பதே இல்லை.

● உலகின் முதல் அவசர எண் ஒரு தீ விபத்தில் பிறந்தது. 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. எதிரில் குடியிருந்தவர் போனை எடுத்துத் தீயணைப்பு நிலையத்தைக் கேட்டார். அந்தக் காலத்தில் எந்த அழைப்பானாலும் தொலைபேசி நிலையத்தில் ஓர் ஆபரேட்டர் எடுத்து இணைக்க வேண்டும். ஊர்க்கதை பேசும் அழைப்பும் உயிர் போகும் அழைப்பும் ஆபரேட்டருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். தீயைப் பார்த்து அழைத்தவர் வரிசையில் காத்திருந்தார். அந்தத் தீயில் ஐந்து பெண்கள் இறந்தார்கள். கொதித்துப்போய் அவர் டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுத, விசாரணை நடந்து, 1937 ஜூன் 30 அன்று 999 வந்தது. அந்த எண்ணைச் சுற்றினால் தொலைபேசி நிலையத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஊதல் அலறும். கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு ஆபரேட்டர் இதை எடுக்க வேண்டும். அமெரிக்காவின் 911 இதற்கு முப்பது ஆண்டு இளையது. அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் 1968 பிப்ரவரி 16 அன்று அதன் முதல் மணி அடித்தது.

● எண் வந்துவிட்டது, ஆனால் எடுப்பவருக்கு வேலை முகவரி குறித்துக்கொண்டு வண்டி அனுப்புவது மட்டும்தான். வண்டி வரும்வரை என்ன செய்வது என்று சொல்ல அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி தீயணைப்புத் துறையில் பணியாற்றிய டாக்டர் ஜெஃப் கிளாசன் இதை மாற்றினார். மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு, வலிப்பு, பிரசவம் என்று ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்க வேண்டும், என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்று அட்டைகளில் எழுதி வைத்தார். மொத்தம் 29 தலைப்புகள். இன்று கணினித் திரையில் ஓடும் கேள்வி வரிசைகளுக்கு மூலம் அந்த அட்டைகள்தான். இந்த முறையில் சான்றிதழ் பெற்றவர் அதோடு முடித்துக்கொள்ள முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குள் தொடர்பயிற்சி நேரத்தைக் காட்ட வேண்டும்.

● மாரடைப்பில் இதயமே நின்றுவிட்டதா என்பதைப் போன் வழியாக எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டே கேள்வி. சுயநினைவு இருக்கிறதா? இயல்பாக மூச்சு விடுகிறாரா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் உடனே நெஞ்சை அழுத்தச் சொல்ல வேண்டும். மேலும் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

இதில் உயிர் தொங்குவது "இயல்பாக" என்ற ஒரு சொல்லில். இதயம் நின்றவர்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்கு முதல் சில நிமிடங்கள் விட்டுவிட்டு ஒரு மூச்சு வரும். கரகரவென்று குறட்டை போல, மீன் வாய் திறப்பதுபோல. அது மூச்சு அல்ல, மூளைத்தண்டு கடைசியாகத் தரும் உதறல். "மூச்சு இருக்கா?" என்று மட்டும் கேட்டால் வீட்டார் "இருக்கு, இருக்கு" என்பார்கள். அந்தப் பதிலை நம்பினால் அழைப்பை எடுத்தவர் ஏமாந்துபோவார், நோயாளி போய்விடுவார். அதனால்தான் பயிற்சியில் இந்த மூச்சின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள். போனை வாயருகே கொண்டுபோகச் சொல்லி, ஒவ்வொரு மூச்சுக்கும் "இப்போ" என்று சொல்லச் சொல்லி, இடைவெளியை எண்ணவும் கற்றுத்தருகிறார்கள்.

தமிழில் நமக்கு ஒரு வசதி. நம் பாட்டிமார்களுக்கு இந்த மூச்சு நன்றாகத் தெரியும். "இழுத்துக்கிட்டு இருக்கு" என்பார்கள். பால் ஊற்ற ஆள் தேடும் நேரத்துச் சொல் அது. ஆனால் அழைப்பை எடுப்பவர் காதில் அந்தச் சொல் விழுந்தால் அவர் செய்ய வேண்டியது வேறு. ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து நெஞ்சின் நடுவில் கை வைக்கச் சொல்ல வேண்டும். தமிழில் அழைப்பு எடுக்கும் எவருக்குப் பாடம் நடத்தினாலும் கரும்பலகையில் முதலில் எழுத வேண்டிய சொல் இது என்பேன்.

● நெஞ்சை அழுத்த வேண்டிய வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆழம் பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர். போனில் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பார்கள், ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும்வரை. அமெரிக்க இதய சங்கம் வைத்திருக்கும் அளவுகோல் இது: அழைப்பு வந்த 90 நொடிக்குள் இதயம் நின்றிருப்பதைக் கண்டறிய வேண்டும், 150 நொடிக்குள் முதல் அழுத்தம் விழ வேண்டும். அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

● சிங்கப்பூரில் 995 அழைப்பை எடுப்பவர்கள் போனிலேயே நெஞ்சழுத்தம் சொல்லித்தரும் திட்டம் 2012இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில், பக்கத்தில் இருப்பவர் அழுத்தத் தொடங்கும் விகிதம் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

● சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் படியில் சறுக்கி விழுந்துவிட்டார். தலையில் ரத்தம். போன் செய்தது நான். "சீக்கிரம் அனுப்புங்க" என்று நான்கு முறையாவது கத்தியிருப்பேன். மறுமுனையில் ஒரு பெண் குரல், "சார், வண்டி வரணும்னா கதவு எண் சொல்லுங்க" என்றது. நான் கத்தினேன். அதே வாக்கியம், அதே சுருதி, "சார், வண்டி வரணும்னா கதவு எண் சொல்லுங்க." மூன்றாவது முறை என் வாய் தானாக எண்ணைச் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் பொறுமைசாலி என்று அன்றைக்கு நினைத்தேன். அது ஒரு பயிற்சி முறை என்பது பின்னால்தான் தெரிந்தது. பதறுகிறவரிடம் ஒரே வாக்கியத்தை, ஒரு வார்த்தைகூட மாற்றாமல், குரல் உயர்த்தாமல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதோடு ஒரு காரணமும் சேர்ந்திருக்க வேண்டும், "வண்டி வரணும்னா" என்பதுபோல. "பதட்டப்படாதீங்க" என்று மட்டும் சொன்னால் எதிராளிக்குப் பதட்டம் கூடுமே தவிரக் குறையாது.

● அழைப்பவரின் பதட்டத்துக்கு மதிப்பெண் உண்டு! சாதாரணமாகப் பேசுகிறவருக்கு 1, எதையும் காதில் வாங்காமல் அலறுகிறவருக்கு 5. பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது தெரிந்தது, அழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் 1, 2 என்ற அளவிலேயே இருக்கிறார்கள் என்பது. "ஜனங்க கத்துவாங்க, சொன்னதைச் செய்ய மாட்டாங்க" என்ற பழைய நம்பிக்கை உடைந்தது. சொல்லிக்கொடுத்தால் செய்கிறார்கள்.

● அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 911 அழைப்பை எடுக்க வேண்டுமென்றால் 232 மணி நேரப் பயிற்சி முடித்து மாநிலத் தேர்வில் தேற வேண்டும். இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஓர் இளம்பெண்ணின் சாவு இருக்கிறது.

டெனிஸ் ஆம்பர் லீ. வயது 21, இரண்டு கைக்குழந்தைகளின் தாய். 2008 ஜனவரி 17 அன்று வீட்டிலிருந்து கடத்தப்பட்டார். கடத்தியவனின் செல்போனையே எப்படியோ கைப்பற்றி 911 அழுத்தினார். அவனிடம் கெஞ்சுவதுபோல் பேசிக்கொண்டே, போனில் கேட்ட கேள்விகளுக்கும் அதற்குள்ளேயே பதில் சொன்னார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. சற்று நேரம் கழித்து, சாலையில் பக்கத்து வண்டியில் வந்த ஒரு பெண் அலறலைக் கேட்டு, காரின் கண்ணாடியை ஒரு கை அறைவதைப் பார்த்து, தானும் 911ஐ அழைத்தார். எந்தச் சாலை, எந்தத் திருப்பம் என்று ஒன்பது நிமிடம் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். போலீஸ் ரோந்து வண்டிகள் அந்தப் பக்கத்திலேயே இருந்தன. அழைப்பு பக்கத்து மாவட்டத்து மையத்தில் விழுந்தது. அங்கே அந்தத் தகவல் ரோந்து வண்டிகளுக்குப் போகவே இல்லை. டெனிஸ் உயிரோடு திரும்பவில்லை.

அவருடைய கணவர் மனைவியின் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, அழைப்பு எடுப்பவர்களுக்குக் கட்டாயப் பயிற்சி வேண்டும் என்று கேட்டார். அந்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது, ஆனால் விருப்பப்பட்டால் படிக்கலாம் என்றுதான் அதில் இருந்தது. கட்டாயம் ஆனது அதற்குப் பிறகு. அவர் ஊர் ஊராகப் போய் 911 மையங்களின் ஊழியர்களிடமே பேசினார். அமெரிக்கா முழுமைக்கும் ஒரே பயிற்சி விதி இன்றும் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

● வகுப்பு முடிந்ததும் புதியவரிடம் போனைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். ஒரே மேசையில் இரண்டு ஹெட்செட் மாட்டுவார்கள். முதலில் மூத்தவர் பேச, புதியவர் காதை மட்டும் கொடுப்பார். பிறகு இடம் மாறும். புதியவர் தடுமாறினால் மூத்தவர் அதே நொடியில் உள்ளே நுழைவார். தனியாக உட்கார விட்ட பிறகும் அவருடைய அழைப்புகளில் சிலவற்றை எடுத்துக் கேட்டு, எங்கே கேள்வி தவறியது, எங்கே தேவையில்லாமல் பேசினார் என்று மதிப்பெண் போடுவது தொடரும்.

● பிரிட்டனில் செல்போனிலிருந்து 999 அழைத்துவிட்டுப் பேச முடியாத நிலையில் இருந்தால், இருமலாம், போனைத் தட்டலாம். அப்படியும் முடியாவிட்டால் ஆபரேட்டர் சொன்னதும் 55 அழுத்தினால் அழைப்பு போலீசுக்குப் போகும். 2002 முதல் இந்த ஏற்பாடு. கதவுக்கு அந்தப் பக்கம் அடிக்கிற கணவன் நிற்கும் வீடுகளுக்காக இது. மௌனமான அழைப்பை "ராங் கால்" என்று வைத்துவிடாமல், ஆம் இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேட்கத் தெரிவது தனிப் பயிற்சி.

● இந்தியாவில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்குமான 112இல் தமிழ்நாடு 2019 பிப்ரவரியில் சேர்ந்தது. ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை வேகமாக மூன்று முறை அழுத்தினாலும், பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தாலும் அழைப்பு போகும்படி போன்களைத் தயாரிக்க விதி இருக்கிறது.

● இலங்கையின் 1990 சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை 2016 ஜூலையில் இந்திய நிதியுதவியுடன் தொடங்கியது. அதன் தொடக்கக் கால ஊழியர்கள் ஐதராபாத்துக்கு வந்து பயிற்சி பெற்றுப் போனார்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பேசலாம். ரத்தம் ஓடும் நேரத்தில் தாய்மொழி தவிர வேறு எது வாயில் வரும்?

● அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாட்டில் 911 அழைப்பு எடுப்பவர், அலுவலக எழுத்தர் வேலைகளோடு சேர்த்து வைக்கப்பட்டவர். போலீசும் தீயணைப்பு வீரரும் இருக்கும் பிரிவுக்கு மாற்றுங்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் தாங்களாகவே சட்டம் இயற்றி அவர்களை முதலில் உதவிக்கு வருவோர் பட்டியலில் சேர்த்துவிட்டன. கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு தாயின் அலறலை முதலில் கேட்பவர் எப்படி எழுத்தர் ஆவார்? சம்பவ இடத்துக்குப் போகாதவருக்கு என்ன பாதிப்பு வந்துவிடும் என்று நினைத்த காலம் உண்டு. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, காதால் கேட்பது மட்டுமே மனக்காயத்துக்குப் போதும் என்று காட்டியது. அதனால் தூக்கம், ஷிஃப்ட், கடினமான அழைப்புக்குப் பின் எழுந்து வெளியே போய்வரும் உரிமை எல்லாம் இப்போது பயிற்சிக்குள்ளேயே வருகின்றன.

● ஆம்புலன்ஸ் வாசலில் நின்றதும் வீட்டார் போனைத் தரையில் போட்டுவிட்டு ஓடுவார்கள். காலடிச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு இணைப்பு போய்விடும். எட்டு நிமிடம் எண்ணிக்கொடுத்தவருக்கு அந்த மனிதர் பிழைத்தாரா என்பது பெரும்பாலும் தெரியாது. சில நாடுகளில் மையங்கள் இப்போது மருத்துவமனையிடம் கேட்டு, முடிவு நல்லதோ கெட்டதோ, அழைப்பை எடுத்தவரிடம் சொல்லிவிடுகின்றன. பிழைத்தவர் சம்மதித்தால் ஒருநாள் மையத்துக்கே அழைத்து வந்து, அந்த ஹெட்செட் இருக்கும் மேசையருகே இருவரையும் உட்கார வைக்கிறார்கள்.