அலுவலகத்திற்குள் காளான் தோப்பு

மாணவர்களே! 9 அங்குல அடி, சுமார் 18 அடி அகல உச்சி. காளான் போன்ற இந்தத் தூண் கூரையைத் தாங்குமா?

அமெரிக்காவின் ரேசின் நகரில் ஜான்சன் மெழுகு நிறுவனத் தலைமையகத்திற்காக ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த தூண் இது. அதிகாரிகள் ஐயுற்றனர், 12 டன் தாங்கிக் காட்டச் சொன்னார்கள். 1937-இல் மாதிரித் தூண்மீது மணலையும் இரும்பையும் குவித்தனர். 60 டன் வரை தாங்கியது! கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். உள்ளிருக்கும் எஃகு வலை இழுவிசையைத் தாங்கும். இதுவே இரகசியம்.

1939-இல் கட்டடம் திறக்கப்பட்டது. மெல்லிய தூண்களால் தடுப்புச் சுவரற்ற பெருங்கூடம் கிடைத்தது. காளான் தலைகளுக்கிடையே பதித்த கண்ணாடிக் குழாய்கள் வழியே, கண் கூசாத பகலொளி மேசைகளில் பரவியது. ஆனால் குழாய் இணைப்புகளில் மழைநீர் ஒழுகியது! சுமையைச் சோதித்தவர்கள் மழையையும் சோதித்திருக்கலாம் அல்லவா?