பாருக்கு வரும் வழி

மண்டபம் தொடங்கித் தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவில் கரையை ஒட்டி 21 தீவுகள் இருந்தன. அவற்றில் இரண்டு இன்று நீருக்குள். தீவுகளைச் சுற்றிலும் பவளப்பாறை. மீனவர் பேச்சில் அது ‘பார்’. பாருக்கும் கரைக்கும் நடுவே அலை அடங்கிய ஆழமற்ற உள்கடல். அதன் தரையில் மணல், சேறு, கடற்புல்; மனோலி போன்ற தீவுகளின் ஓரத்தில் அலையாத்தி மரங்கள். உலகெங்கும் பவளத்துக்கும் கரைக்கும் இடைப்பட்ட இத்தகைய காயல்களில் மீன் வகைகள் நிறைந்திருக்கின்றன. ஏன் என்று கேட்டால், பவளம் இருப்பதால் என்ற பதில் சட்டென்று வருகிறது. அது பாதி உண்மைதான். பாரும் புல்லும் அலையாத்தியும், வளரும் மீன் ஒன்று நீந்திக் கடக்கக்கூடிய தூரத்தில் அடுத்தடுத்து அமைந்திருப்பதே அந்த வளத்தின் பெரும்பங்குக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பவளத்தின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. கிளைத்தும் குடைந்தும் வளர்ந்த பாறையில் ஒவ்வொரு உடல் அளவுக்கும் ஒரு பொந்து உண்டு. களவாய் பதுங்கவும் சிறுமீன் தப்பவும் இடம் கிடைக்கிறது. கரீபியக் கடலின் குராசோ, பொனேர் தீவுகளில் நடந்து 1978இல் வெளியான ஆய்வு, பாறையின் மேடுபள்ளம் கூடக் கூட மீன் இனங்களும் கூடுவதைக் காட்டியது. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல்லாண்டு பவளத்தைப் பெயர்த்தெடுத்தபோது போனது வெறும் கல் அல்ல, அத்தனை பொந்துகளும்தான். ஆனால் பொந்து என்பது வீடு மட்டுமே. அதில் குடியேறும் மீன் எங்கே வளர்ந்தது? விளைமீனும் ஓராவும் இளம்பருவத்தில் கடற்புல்லுக்குள் ஒளிந்து வளர்கின்றன. அங்கே இரை உண்டு, பெரிய வாய்கள் குறைவு. உடல் தேறிய பிறகுதான் விளைமீன் பாரை நாடிப் போகிறது. ஓரா பாறைமேல் படரும் பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் விடுகிறது. அந்த வகையில் புல்லும் பாரைக் காப்பாற்றுகிறது.

பெலீஸ் நாட்டின் பவளப்பாறைகளை மையமாகக் கொண்ட 2004ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு வலுவான சான்று. அலையாத்தி செழித்த இடங்களை அடுத்த பாறைகளில், விலைபோகும் பல மீன்களின் மொத்த எடை இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. எடை கூடினால் வகையும் கூடியதாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே ஆய்வு, பாறையில் வாழும் மீன்களின் கூட்டமைப்பே அலையாத்தியால் மாறுவதையும், அலையாத்தி வெட்டப்பட்ட ஓரிடத்தில் கரீபியத்தின் மிகப்பெரிய தாவர உண்ணி மீனான வானவில் கிளிமீன் அற்றுப்போனதையும் பதிவுசெய்தது.

மீன் குறைவதற்குப் பிடிப்புதான் காரணம், வலையை நிறுத்தினால் போதும் என்பது இன்னொரு வாதம். மிகைப்பிடிப்பு மீனைக் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பப்புவா நியூ கினியாவின் கிம்பே விரிகுடாவில் 8 ஆண்டுகளில் பவளம் அழிந்தபோது, பிடிப்புக்குத் தடையுள்ள பகுதியிலும் இல்லாத பகுதியிலும் ஒன்றுபோல, 75 விழுக்காட்டுக்கும் மேலான இனங்கள் எண்ணிக்கையில் சரிந்தன. அதிகம் சரிந்தவை, குஞ்சுப் பருவத்தில் உயிருள்ள பவளத்தை நம்பியவை. புல்லோ, அலையாத்தியோ, பவளமோ, தொட்டில் போனால் தடை மட்டும் காப்பாற்றாது. பாறை மீன்களின் சேர்க்கையே குலுக்கல் போன்றது, காலியிடத்துக்கு முதலில் வந்த குஞ்சுக்கே அது சொந்தம் என்று 1970களில் பீட்டர் சேல் வாதிட்டார். ஒரு பொந்தின் அளவில் அது பொருந்தலாம். குலுக்கலில் எந்தச் சீட்டுகள் விழ முடியும் என்பதைச் சுற்றியுள்ள வாழிடங்களே தீர்மானிக்கின்றன.

மன்னார் வளைகுடாவில் 1986இல் தேசியப் பூங்கா அமைந்தது. 2010, 2016 ஆண்டுகளின் வெப்பத்தில் பவளம் வெளுத்ததை எந்த வேலியாலும் தடுக்க முடியவில்லை. கடற்புல்லின் நிலை வேறு. அதைப் பெரிதும் கிழிப்பது தரையை உரசிச் செல்லும் இழுவைமடி. அதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. வான் தீவருகே இறக்கியிருக்கும் செயற்கைப் பாறைகள் பொந்துகளைத் தரும். அவற்றுக்கு வரவேண்டிய விளைமீன் குஞ்சுகள் இப்போது புல்லுக்குள்தான் இருக்கின்றன.