ஊரார் எழுப்பிய பள்ளி

விழாக் காணும் வித்தியாசாலை தான் கடந்து வந்த ஆண்டுகளைக் கணக்கிட்டு மகிழ்வது இயல்பு. அவ்வேளையில், ஒரு பள்ளியை நெடுங்காலம் நிலைநிறுத்துவது யாது என்னும் வினாவும் உடனெழுதல் வேண்டும். கட்டடமா, ஆசிரியரா, பொருள் வளமா, ஊராரின் அன்பா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக விளங்குவது, மேற்கு ஆபிரிக்காவிலுள்ள காண்டோ என்னும் சிற்றூரின் ஆரம்பப் பாடசாலையாகும். உலகம் அதனைப் பாராட்டிய வரலாற்றையும் அப்பாராட்டின் காரணத்தையும் ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

காண்டோ, புர்க்கினா பாசோ என்னும் நாட்டில் உள்ளது. 1960 ஆம் ஆண்டு சுதந்திரம் பெற்ற இந்நாடு, முன்னர் அப்பர் வோல்ட்டா எனப்பட்டது. 1984 இல் ‘நேர்மையாளரின் நாடு’ எனப் பொருள்படும் இன்றைய பெயரைப் பூண்டது. தலைநகராகிய வாகடூகுவிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில், வயல்களும் மண் வீடுகளுமாக அமைந்த ஊரே காண்டோ. கோடையில் அங்கு வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு.

அவ்வூர்த் தலைவரின் மூத்த மகனாக 1965 இல் பிறந்தவர் டியேபேடோ பிரான்சிஸ் கேரே. அக்காலத்தில் காண்டோவிலே பள்ளி இல்லை. ஆதலின் 7 வயதிலேயே தாய் தந்தையரைப் பிரிந்து, தெங்கோடோகோ நகரில் உறவினர் இல்லத்தில் தங்கிக் கற்க நேர்ந்தது. அவ்வூரிலிருந்து பள்ளிக்குச் சென்ற முதற்பிள்ளை அவரே. விடுமுறை முடிந்து புறப்படுந்தோறும் அவர் வீடு வீடாகச் சென்று விடைபெறுவார். அப்பொழுது ஊர்ப் பெண்கள் தம் ஆடையில் முடிந்து வைத்திருந்த கடைசிக் காசையும் அவிழ்த்து அவர் கையில் வைப்பராம். இவர்களுக்குத் தன்மேல் இத்துணை அன்பு எதனால் என்று சிறுவன் தாயை வினவினான். அவன் கற்றுத் தேறி ஒருநாள் திரும்பி வந்து ஊரை உயர்த்துவான் என்னும் நம்பிக்கையினாலே அவன் கல்விக்குத் தம் பங்கைத் தருகின்றனர் என்று தாய் விளக்கினாள். கேரே தாமே பிற்காலத்தில் உலகோர் முன்னிலையில் எடுத்துரைத்த செய்தி இது.

அவர் கற்ற வகுப்பறை சீமெந்துக் கற்களால் ஆயது. ஒளியும் காற்றும் செவ்வனே புகாத அவ்வறையில் பிள்ளைகள் நெருங்கியிருந்து வெப்பத்தில் வாடினர். தகரக் கூரையின் கீழ் நண்பகலுக்குப் பின் இலக்கணம் கற்பித்தோர்க்கு அத்துன்பத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆசிரியர் எத்துணை வல்லவராயினும், வியர்வையில் நனைந்து சோர்ந்த மாணாக்கனின் செவியில் பாடம் ஏறுமோ? அவ்வறையிலே பட்ட துன்பம் கேரேயின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1985 இல் தச்சுத்தொழில் பயிலுதற்குப் புலமைப்பரிசில் பெற்று அவர் ஜேர்மனியின் பேர்லின் நகர் சென்றார். பகலிலே தொழில் பயின்றார். இரவிலே இடைநிலை வகுப்புக்களில் கற்றார். பின்னர் 1995 இல் பேர்லின் தொழினுட்பப் பல்கலைக்கழகத்திற் புகுவதற்கு மற்றுமொரு புலமைப்பரிசில் கிடைத்தது. அங்கே கட்டடக்கலை கற்று 2004 இல் பட்டம் பெற்றார். ஆயின் ஊர்க்கடனைத் தீர்த்தற்குப் பட்டம் வரும்வரை அவர் காத்திருந்தாரல்லர். மாணவராயிருந்த காலத்திலேயே, 1998 இல், காண்டோவுக்குப் பள்ளி கட்டுவதற்கெனச் சங்கமொன்றை நிறுவி நண்பர்களிடம் பொருள் திரட்டினார்.

களிமண்ணாலே பள்ளி கட்டுவோம் என்று அவர் கூறக்கேட்ட ஊரார் திகைத்தனர். மண் சுவர் ஒரு மாரிக்கேனும் நில்லாதென்பது அவர்களது அனுபவம். இதனைக் கற்பதற்கோ நம்மோடு வயலில் உழையாது இத்தனை ஆண்டு ஐரோப்பாவிலே கழித்தான் என்று அவர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. கேரே அவர்களைப் பொறுமையுடன் தெளிவித்தார். பிழை மண்ணில் இல்லை, மண்ணைக் காக்கும் முறையிலேயே உள்ளது என்பது அவர் கண்ட உண்மை.

அம்முறை யாது? உள்ளூர்க் களிமண்ணுடன் சிறிதளவு சீமெந்து சேர்த்து, கையால் இயக்கும் அச்சில் அழுத்திக் கற்கள் செய்தனர். இக்கற்களாலான தடித்த சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடாது தாங்கிக்கொள்ளும். வகுப்பறைக்கு மேலே துவாரங்கள் விட்ட களிமண் முகடு அமைந்தது. அம்முகட்டின் மேல் இடைவெளி விட்டு, முறுக்குக் கம்பிகளை ஒட்டிச் செய்த சட்டங்களில் நெளிதகரக் கூரை உயர்த்தப்பட்டது. சூடான காற்று மேலெழுந்து துவாரங்களின் வழியே வெளியேற, சாளரங்களின் வழியே குளிர்ந்த காற்று உட்புகும். தகரத்தின் வெம்மையோ இடைவெளியில் வீசும் காற்றோடு அகன்றுவிடும். சுவருக்கு வெளியே நன்கு நீண்டிருக்கும் கூரையின் தாழ்வாரம், மண் சுவரை மழை தொடாது காக்கும். விசிறியும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. பாரந்தூக்கி இல்லாத ஊரிலே, கைவாளும் சிறிய ஒட்டுப்பொறியுமே கொண்டு ஊர் இளைஞர்கள் இக்கூரையை ஆக்கினர் என்பது குறிப்பிடத்தக்கது.

அத்திவாரத்துக்குச் சிறுவர் கற்களைப் பொறுக்கி வந்தனர். கல் அரிவதற்குப் பெண்கள் நீர் சுமந்தனர். ஆடவர் சுவரெழுப்பினர். 2001 இல் மூன்று வகுப்பறைகள் எழுந்தன. அவற்றின் இடையிடையே, கூரை வேய்ந்த திறந்த வெளிகளும் அமைந்தன. பாடம் நடத்துவதற்கும் பிள்ளைகள் விளையாடுவதற்கும் அவை உதவின. மொத்தச் செலவு ஏறத்தாழ 30,000 அமெரிக்க டொலர் மட்டுமே.

2004 ஆம் ஆண்டு, கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது தில்லியிலுள்ள உமாயூன் சமாதியில் வழங்கப்பட்டது. அவ்வாண்டு விருது பெற்ற ஏழனுள் ஒன்று, 452 மீற்றர் உயரமுள்ள கோலாலம்பூரின் பெற்றோனாஸ் இரட்டைக் கோபுரங்கள். மற்றொன்று, காண்டோவின் ஆரம்பப் பாடசாலை! விண்ணளாவிய கோபுரத்துக்கும் மண்ணாலாகிய மூன்று வகுப்பறைகளுக்கும் சரியாசனம் கிடைத்தது.

இவ்விருது கட்டடத்துக்கே உரியது, கற்பித்தலுக்கன்று. ஆயினும் நல்ல கற்பித்தல் நிலவுவதற்கு வேண்டியவற்றையும் இப்பள்ளி தேடிக்கொண்டது. ஊராரின் முயற்சியைக் கண்ட அரசாங்கம் ஆசிரியர்களின் வேதனத்தை ஏற்றுக்கொண்டது. ஒதுக்குப்புறக் கிராமத்துக்குத் தகுதிவாய்ந்த ஆசிரியர் வருதலும், வந்தவர் நிலைத்திருத்தலும் அரிது. இதனை நன்குணர்ந்த கேரே, ஆசிரியர்கள் குடும்பத்தோடு வாழ்வதற்கேற்ற விடுதிகளை 2004 இல் அவ்வூர் மண்ணாலேயே கட்டுவித்தார். வகுப்பறைக்கு அடுத்த தேவை ஆசிரியரின் வீடு என்று கண்ட இவ்வறிவு, கல்வித் திட்டம் வகுக்கும் யாவர்க்கும் வேண்டப்படுவது.

‘நிலைபேறு’ என்னும் சொல் இந்நாளிற் பலர் வாயிலும் பயில்கின்றது. மரம் நடுதலும் நீரைச் சேமித்தலுமே அதன் பொருள் என்று எண்ணுதல் குறையுடைத்து. தன் பள்ளியைத் தானே கட்டவும், பழுதுற்றால் தானே திருத்தவும், தேவை பெருகினால் தானே விரிக்கவும் ஓர் ஊர் வல்லதாதலே மெய்யான நிலைபேறு. காண்டோவில் தொழில் பயின்ற இளைஞர்க்கு அரசின் வேறு கட்டட வேலைகளிலும் இடங்கிடைத்தது. அயலூர்கள் இரண்டு, அதே வழியிற் கூட்டுறவாகத் தத்தமக்குப் பள்ளிகளைக் கட்டிக்கொண்டன. 120 ஆக இருந்த மாணவர் தொகை காலப்போக்கில் 700 ஆக உயர்ந்தது. 2008 இல் பள்ளி மேலும் விரிந்தது. 2022 இல் கட்டடக்கலையின் தலைசிறந்த பரிசாகிய பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்ற முதல் ஆபிரிக்கரானார் கேரே.

பிடியரிசி சேர்த்துச் சைவப் பள்ளிகளை நடத்திய வரலாறு நமக்கு உரியது. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்த நம் மூதாட்டியர்க்கும், முடிச்சவிழ்த்துக் காசு கொடுத்த காண்டோப் பெண்டிர்க்கும் வேற்றுமை யாது? தாம் எழுதப் படிக்க அறியாதிருந்தும், பிறர் பிள்ளை கற்கட்டும் என்று கொடுத்தோர் இருசாராரும்.

நம்மிற் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். கல்லூரிக்கு அவர் செய்யும் உதவி போற்றற்குரியது. ஆயினும் கேரே பொருளை மட்டும் அனுப்பினாரல்லர்; தாம் கற்ற கலையைக் கொணர்ந்து ஊரார் கையிற் கொடுத்தார். கல்வெட்டிற் பெயர் பொறிக்கத் தரும் கொடை அக்கட்டடத்தோடு நின்றுவிடும். ஒருவன் தான் அறிந்ததை இளையோர்க்குக் கற்பித்துச் செல்வானாயின், அது தலைமுறைதோறும் வளரும். நம் கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளரும் மருத்துவரும் கணக்காளரும் உளர். கைத்தொழில் வல்லாரும் கமக்காரரும் உளர். விடுமுறையில் ஊருக்கு வருங்கால் ஒவ்வொருவரும் ஒரு நாளேனும் வகுப்பறையினுட் புகுந்து தாம் அறிந்ததை மாணவர்க்கு எடுத்துரைப்பாராக. பிடியரிசி தந்த கைகளுக்கு நாம் செலுத்தத்தக்க கடன் அதுவே.