ஊட்டி குளிர்: ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் ஏன் இப்படி எகிறுகிறது?

நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை நீலகிரியில் உறைபனிக் காலம். ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா பக்கம் அதிகாலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். சுற்றுலா வருபவர்களுக்கு அது ஒரு நல்ல போட்டோ. அங்கேயே வாடகைக்கு வீடு எடுத்து, லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு அது இரண்டு மாதம் கழித்து வரும் கரண்ட் பில்.

"ரெண்டு மணி நேரம்தானே ஹீட்டர் போட்டோம், இவ்வளவா?" என்று மலையேறிய முதல் குளிர்காலத்தில் பலரும் கேட்பார்கள். மீட்டரில் கோளாறு என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. பெரும்பாலும் மீட்டர் சரியாகத்தான் ஓடியிருக்கும். மின் கட்டணம் போடப்படும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

படி ஏற ஏற விலையும் ஏறும்

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் படிப்படியாகத்தான் விலை ஏறும். 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி பார்த்தால், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 400 யூனிட் வரை ஒரு யூனிட் 4.80 ரூபாய். 401 முதல் 500 வரை 6.45. அடுத்த நூறு 8.55. 601 முதல் 800 வரை 9.65. ஆயிரத்தைத் தாண்டினால் 11.80. போதாததற்கு, மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப் படியில் கிடைக்கும் மானியத்தின் ஒரு பகுதியும் போய்விடும்.

ஏற்கெனவே 400 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அந்த 400 யூனிட்டுக்கான பில் 1,440 ரூபாயைத் தாண்டாது. இப்போது 2,000 வாட்ஸ் ரூம் ஹீட்டர் ஒன்று வருகிறது. ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். தினமும் மூன்று மணி நேரம் என்றால் 60 நாளில் 360 யூனிட். இவை எல்லாமே 401-க்கு மேல் உள்ள படிகளில் போய் உட்காரும். கணக்குப் போட்டால் 3,044 ரூபாய் வருகிறது. முந்தைய 400 யூனிட்டைவிடக் குறைவான மின்சாரம், ஆனால் இரண்டு மடங்குக்கும் மேல் பணம்.

ஆகவே ஹீட்டரைத் தினம் ஒரு மணி நேரம் குறைத்தால் மிச்சமாவது சராசரி விலையில் அல்ல, உச்சப் படியின் விலையில். பழைய பில்லை எடுத்து, தன் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு ஹீட்டர் வாங்கப் போவது நல்லது. கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

எந்த ஹீட்டர் கரண்ட்டை மிச்சப்படுத்தும்?

எதுவும் இல்லை. ஃபேன் ஹீட்டர், ஆயில் ஹீட்டர், ஹாலோஜன் ஹீட்டர் எல்லாமே ஒரு யூனிட் மின்சாரத்தை வாங்கி ஒரு யூனிட் வெப்பத்தைத் தருபவைதான். 'ஆயில் ஹீட்டர் கரண்ட் குறைவாக எடுக்கும்' என்று சொல்லி விற்பதில் பாதிதான் உண்மை. அறை சூடானதும் அதன் தெர்மோஸ்டாட் தானாக நிறுத்தும்; எண்ணெய் சூடாக இருக்கும்வரை வெப்பம் வந்துகொண்டிருக்கும். தெர்மோஸ்டாட் உள்ள மற்ற ஹீட்டர்களும் இப்படி நின்று நின்று ஓடக்கூடியவைதான். கதவு இடுக்கு வழியாகச் சூடு வெளியேறிக்கொண்டே இருந்தால் எந்த தெர்மோஸ்டாட்டும் நிற்காது.

வித்தியாசம் பயன்பாட்டில்தான். ஃபேன் ஹீட்டர் காற்றைச் சட்டென்று சூடாக்கும், நிறுத்தியதும் அறை பழையபடி ஆகிவிடும். ஹாலோஜன் எதிரில் உட்கார்ந்திருப்பவரை நேரடியாகச் சூடாக்கும். மேஜையடியில் வைத்து வேலை பார்க்க 400 வாட்ஸே போதும். ஆயில் ஹீட்டர் மூடிய படுக்கையறைக்கு.

ஒரே விதிவிலக்கு, 'ஹாட் அண்ட் கோல்ட்' இன்வெர்ட்டர் ஏசி. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளுகிறது. வெளியே ஐந்து டிகிரி இருந்தாலும் அந்தக் காற்றிலும் வெப்பம் உண்டு. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆனால் வாங்கும் விலை அதிகம், சுவரில் ஓட்டை போட வேண்டும். சொந்த வீட்டுக்காரர்களுக்கு நல்ல யோசனை. பதினோரு மாத அக்ரிமென்ட்டில் இருப்பவர்களுக்குச் சரிப்படாது.

2,000 வாட்ஸ் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அதை 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் செருக வேண்டும். மொபைல் சார்ஜரும் லேப்டாப்பும் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் ஒயர் உருகும்.

அறையையா, ஆளையா?

அறை முழுவதையும் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது பல மடங்கு மலிவு. மெத்தை மேல் விரிக்கும் எலெக்ட்ரிக் பிளாங்கெட் சுமார் 100 வாட்ஸ்தான். இரவு எட்டு மணி நேரம் விடாமல் ஓடினாலும் 0.8 யூனிட். 60 நாளுக்கு 48 யூனிட். மேலே சொன்ன அதே வீட்டில் சுமார் 310 ரூபாய். அதைக்கூட இரவு முழுக்கப் போட வேண்டியதில்லை. படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டு, படுத்ததும் அணைத்துவிட்டால் போதும், கம்பளி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மடித்து வைத்து ஆன் செய்யக் கூடாது, கைக்குழந்தைக்கு விரிக்கக் கூடாது. இரண்டு ரப்பர் வெந்நீர்ப் பைகள் இருந்தால் இதுவும் தேவைப்படாது.

முதியவர்கள், குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மட்டும் இந்தக் கணக்கு வேறு. குளிர்ப் பகுதி வீடுகளுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே அவர்கள் இருக்கும் ஒரு அறையையாவது சூடாக வைத்திருப்பது செலவு அல்ல, தேவை.

மிச்சம் பிடிக்கப்போய்

பில்லுக்குப் பயந்து பலர் போய் நிற்கும் இடம், கரி அடுப்பு. இரும்புச் சட்டியில் கரியைப் பற்றவைத்து, புகை அடங்கி கனலானதும் அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொள்வது மலையில் பழைய வழக்கம். ஊட்டி, கொடைக்கானல் பகுதிகளில் இப்படித் தூங்கியவர்கள் மறுநாள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி சமீப ஆண்டுகளில்கூட வந்திருக்கிறது. பார்பிக்யூ முடிந்து மீந்த கனலை அறைக்குள் எடுத்துச் சென்ற சுற்றுலாப் பயணிகளும் அதில் உண்டு.

புகை இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் தப்பு. கொல்வது புகை அல்ல, கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. குளிரில் இதெல்லாம் சகஜம்தானே என்று படுத்துவிடுவார்கள். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் காரணத்தை ஆராய்ந்துகொண்டு உட்காரக் கூடாது. எல்லோரும் உடனே வெளியே வந்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். பாத்ரூமுக்குள் மாட்டிய கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் இடம் வெளிச்சுவர்தான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. எவ்வளவு திறந்தால் போதும் என்பதை யாராலும் கண்ணால் அளக்க முடியாது. பழைய பங்களாக்களில் கணப்படுப்புக்கு மேலே புகைபோக்கி கட்டியிருப்பதும் அழகுக்காக இல்லை.

வீடு ஒழுகுகிறதா?

நீலகிரியின் பழைய வீடுகளைப் பார்த்தால் குளிரைப் பற்றிய அறிவு தெரியும். தோடர்களின் அரைவட்டக் குடிசைக்கு ஜன்னல் கிடையாது. வாசலோ குனிந்து தவழ்ந்து போகிற அளவுதான். படகர் ஹட்டிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும்; ஒரு வீட்டின் சூடு பக்கத்து வீட்டுக்கும் பயன்படும். இன்று மலையில் கட்டப்படும் பல வீடுகள் கோவையில் வெயிலுக்குக் கட்டுகிற அதே பிளான்: பெரிய ஜன்னல், மொட்டை கான்கிரீட், தரையில் வழவழ டைல்ஸ். அழகுதான், ஆனால் ஜனவரியில் ஐஸ்பெட்டி.

வாடகை வீட்டில் சுவரை மாற்ற முடியாது, இடுக்கை அடைக்கலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒட்டும் ஃபோம் டேப்பை ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ஒட்டலாம். கதவடியில் துணிச்சுருள் வைக்கலாம். தடித்த திரை, தரையில் ஜமுக்காளம், ஷீட் கூரை என்றால் கீழே ஒரு ஃபால்ஸ் சீலிங். வெப்பம் மேலேதான் போகும் என்பதால் முதல் செலவு கூரைக்கு.

உறைபனி விழும் நாட்களில் வானம் தெளிவாக இருக்கும். பகலில் நல்ல வெயில் அடிக்கும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னல் திரையை விலக்கி வைத்தால் இலவச ஹீட்டர். நடுப்பகலில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து ஈரக்காற்றை வெளியேற்றிவிட்டு, நாலு மணிக்கெல்லாம் சாத்திவிட வேண்டும். துணியை அறைக்குள் காயவைத்தால் சுவரில் பூஞ்சைதான் மிச்சம்.

குளியலும் கணக்கில் வரும். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 14 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவர 0.6 யூனிட் வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 145 யூனிட். ரூம் ஹீட்டரே இல்லாத வீட்டிலும் ஜனவரி பில் ஏறுவதற்கு இது முக்கியக் காரணம். கீசரை நாள் முழுக்க ஆனில் விடாமல், எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு அணைப்பது நல்லது.

புதிதாக வீடு தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் பள்ளத்து வீட்டைவிடச் சரிவின் நடுவில் உள்ள வீடு இரண்டு மூன்று டிகிரி இதமாக இருக்கலாம். வீடு பார்க்க மாலை நாலு மணிக்குப் போனால் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று தெரிந்துவிடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஜனவரி மாதத்துப் பழைய கரண்ட் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும், சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று வீட்டு ஓனரிடம் முன்பே பேசிவிடுவதும் நல்லது.