தாய்சேய் நலம் படிக்க மருத்துவராக வேண்டுமா?

தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு புக்கிட் தீமா சாலைப் பக்கம் திரும்பினால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை தெரியும். என் அம்மா இன்றும் அதைக் ‘கண்டாங் கெர்பாவ்’ என்றுதான் சொல்வார். மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள். அந்த வட்டாரத்தில் முன்பு மாட்டு வணிகம் நடந்தது. 1924-இல் மகப்பேற்று மருத்துவமனையான அது, 1966-இல் மட்டும் ஏறக்குறைய 40,000 பிரசவங்களைப் பார்த்தது. 1997-இல் இன்றைய கட்டடத்துக்கு மாறியது.

பிரசவம் பார்ப்பது மருத்துவர், தாதியர் வேலை. ஆயிரம் தாய்மார்களில் எவருக்கு எந்தச் சிக்கல் வருகிறது, ஏன் வருகிறது என்று ஆராய்வது வேறு வேலை. அதற்குப் பயிற்சி தருவது பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு. நம் தேசியப் பல்கலைக்கழகத்தில் சோ சுவீ ஹாக் பொதுச் சுகாதாரப் பள்ளி 2011-இல் உருவானது. மருத்துவர் அல்லாதவரும் அங்கே சேரலாம். நான் உயிரியல் பட்டதாரி. “டாக்டருக்கா படிக்கிறே?” என்று கேட்ட உறவினர்களுக்கு விளக்கி விளக்கிச் சலித்துப்போனேன். நோய்ப்பரவலியலும் புள்ளியியலும்தான் முதுகெலும்பு. கணக்குக்குப் பயந்தவர்கள் முதல் பருவத்தில் சற்றுத் திணறுவார்கள், நானும் திணறினேன்.

வகுப்பில் அடிக்கடி பேசப்பட்டது ‘கஸ்டோ’ ஆய்வு. 2009-இல் தொடங்கி, சீன, மலாய், இந்தியக் கர்ப்பிணிகள் 1,200-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, அவர்களுடைய பிள்ளைகளின் வளர்ச்சியையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். அத்தாய்மார்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது.

அதைப் படித்தபோது என் அண்ணி நினைவுக்கு வந்தார். அவருக்கும் அது இருந்தது. பிள்ளை பிறந்ததும் சர்க்கரை அளவு இறங்கிவிட, ‘இனிப்புநீர் போய்விட்டது’ என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியடைந்தோம். ஆனால் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். அதனால்தான் பிரசவமான ஆறாவது வாரத்தில் மீண்டும் சோதிக்கச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் போய், குளுக்கோஸ் நீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் நாற்பது நாள் கணக்கு முடிகிற நேரமும் அதுவே. கைக்குழந்தையோடு யார் போவது? அண்ணி போகவில்லை. கடிதம் குளிர்பதனப் பெட்டியின்மேல் ஒட்டியபடியே இருந்தது.

‘ஏன் வரவில்லை?’ என்ற கேள்விக்குப் படிவத்தில் கட்டம் போட்டுப் பதில் வாங்கலாம். பத்தியம், மாமியார், நாற்பது நாள் எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் வருவதில்லை. உட்கார்ந்து தமிழில் கேட்டால் வருகின்றன. இத்துறையில் தமிழ் தெரிந்த பட்டதாரிக்கு வேலை இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்று ஆண்டு தாமதமாக, அடுத்த வாரம் அண்ணி சோதனைக்குப் போகிறார். நானும் உடன் போகிறேன். பையனை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.