ஆகாசத்தில் வழி தெரிவது எப்படி?

ரிச்சர்ட்ஸ் டவுன் மொட்டை மாடியில் நின்று, "தாத்தா, ஆகாசத்துல மைல்கல் ஏது?" என்று பேரன் கேட்டான். திருத்தக்கதேவர் பாடிய நம் சமணக் காப்பியம் சீவக சிந்தாமணியில் ஒரு மயிற்பொறி உண்டு. விசையை வலப்புறம் திருகினால் ஏறும், இடப்புறம் திருகினால் இறங்கும். கர்ப்பிணியான விசயை அதில் தப்பிப் போகையில், பகைவனின் வெற்றி முரசு கேட்டு மயங்கிவிட்டாள். பொறி இறங்கிய இடம் சுடுகாடு!

2013 நவம்பர் 5-இல் கிளம்பிய மங்கள்யானில் மயங்குவதற்கும் ஆளில்லை. அதன் விண்மீன் உணரிகள் தெரிந்த நட்சத்திரங்களைப் பார்த்து, கலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும். தூரமும் வேகமும் பூமியிலிருந்துதான் தெரிய வேண்டும். பெங்களூரை அடுத்த பைலாலுவில் உள்ள 32 மீட்டர் ஆன்டெனாவும் நாசா நிலையங்களும் சிக்னல் அனுப்பும். அது போய்த் திரும்பும் நேரத்தையும், அலையில் வரும் சிறு மாற்றத்தையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள்.

செவ்வாய்க்கு அருகே சிக்னல் போய்ச் சேரவே 12 நிமிஷத்துக்கு மேல். 'பிரேக் போடு' என்று அப்போது சொல்லிப் பயனில்லை. ஆகவே கட்டளைகளை முன்பே ஏற்றிவிட்டார்கள். ஏறக்குறைய 10 மாதம் தூங்கிய எஞ்சினை 2014 செப்டம்பர் 22-இல் 4 விநாடி எரித்துப் பார்த்தார்கள் (நாங்கள் மூட்டையைக் குத்தி சாம்பிள் பார்ப்பதில்லையா!). 24-ஆம் தேதி 23 நிமிஷம் எரிந்தது. நடுவில் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்துபோனது. மறுபடி அதன் சிக்னல் வந்த பிறகுதான் இங்கே கை தட்டினார்கள்.