புகையில்லாத் தணலும் உயிரைக் கொல்லும்

மார்கழி, தை மாதங்களில் அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துக் குளிர் எப்படிப்பட்டது என்பதை நாம் அறிவோம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவிலும், 2025 நவம்பரில் டித்வா புயலிலும் வீடு வாசலை இழந்து பாடசாலைகளிலும் கொட்டில்களிலும் ஒதுங்கியவர்களுக்கு அக்குளிர் இன்னும் கொடியது. கம்பளி போதாதபோது அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளிக் காம்பராவுக்குள் வைத்து, கதவுச் சந்தைச் சாக்கால் அடைத்துவிட்டுப் படுக்கிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

விறகோ கரியோ போதிய காற்றின்றி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. விறகுப் புகை கண்ணைக் கரித்து நம்மை எழுப்பிவிடும். புகையில்லாத கரித்தணல் எழுப்பாது. ஒட்சிசனைச் சுமக்க வேண்டிய நம் குருதியின் ஈமோகுளோபினை, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்துடன் இவ்வாயு பற்றிக்கொள்கிறது. மூளையும் இருதயமும் ஒட்சிசனின்றித் தவிக்கின்றன. வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

2024 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் கொடைக்கானலில், இறைச்சி வாட்டிய கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரு இளைஞர்கள் விடியுமுன் இறந்துபோனார்கள்.

தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், கைகால் சோர்வு ஆகியவையே அடையாளங்கள். காய்ச்சல் இராது. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்து, வெளியே வந்ததும் குறைந்தால் இவ்வாயுவைச் சந்தேகியுங்கள்.

தணலருகே தண்ணீர்ப் பாத்திரம் வைத்தால் போதும் என்பது தவறு. தண்ணீர் இவ்வாயுவை அகற்றாது. சாம்பல் மூடிய தணலும் வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியவை:

1. குளிர் காய்வதை இஸ்தோப்பிலோ வெளியிலோ வைத்துக்கொள்ளுங்கள். படுக்குமுன் தணலை வெளியே தண்ணீர் ஊற்றி அணையுங்கள்.
2. உள்ளே சமைக்கும்போது கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும். புகைபோக்கியைச் சுத்தமாக வைத்திருங்கள்.
3. முகாமில் ஜெனரேட்டரை ஜன்னல், கதவுகளுக்கு எட்டத்தில், திறந்த வெளியில் வையுங்கள்.
4. யாராவது மயங்கினால் கதவுகளைத் திறந்து, உடனே வெளியே தூக்கி வாருங்கள். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒட்சிசன் கொடுப்பதே சிகிச்சை.

குளிருக்கு இன்னொரு போர்வை கேட்க வெட்கப்பட வேண்டாம். மண்சரிவில் தப்பிய பிள்ளையைத் தணற்சட்டிக்குப் பறிகொடுக்கலாமா? இதைப் பக்கத்துக் காம்பராவுக்கும் இன்றே சொல்லுங்கள்.